புதிய பாடலைப் பரிந்துரையாளர்கள் வழியாக நேயர்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி? தனித்து இயங்கும் இசைக்கலைஞர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு பாடலை வீட்டிலேயே பதிவுசெய்து, சில வாரங்களுக்குள் எல்லா ஸ்ட்ரீமிங் தளங்களிலும் வெளியிட்டுவிட முடிகிற காலத்தில், இசைக்கலைஞருக்கு மிஞ்சியிருக்கும் பெரிய வேலை அதைக் கேட்பவர்களைக் கண்டடைவதுதான். இசை நிறுவனங்களில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். வானொலித் தொகுப்பாளர்களோடும் இசை எழுத்தாளர்களோடும் நெடுநாள் பழகியவர்கள் அங்கே வேலை செய்வார்கள். தனித்து இயங்கும் கலைஞரிடம் அந்தத் தொடர்புகள் இல்லை. அவற்றை அவரே உருவாக்கிக்கொள்ள முடியும். அதற்குப் பணத்தைவிடப் பொறுமையும் ஒழுங்குமே அதிகம் தேவைப்படுகின்றன.

பிளேலிஸ்ட் தொகுப்பவர்கள், இசை விமர்சகர்கள், வானொலி மற்றும் பாட்காஸ்ட் தொகுப்பாளர்கள், டிஜேக்கள், யூடியூபில் பாடல்களைக் கேட்டுக் கருத்துச் சொல்பவர்கள், ரீல்ஸ் மற்றும் டிக்டாக் படைப்பாளிகள் ஆகிய எல்லோரையும் இங்கே பரிந்துரையாளர்கள் என்றே குறிப்பிடுகிறேன். ஊடகம் வேறுபட்டாலும் இவர்கள் அனைவருடைய மூலதனமும் ஒன்றே: நேயர்கள் தம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. பிபிசி ரேடியோ 1-இல் 1967 முதல் 2004-இல் மறையும் வரை நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல், பெயர் தெரியாத எத்தனையோ குழுக்களை ஒலிபரப்பினார். தமக்குப் பிடித்ததைத்தான் அவர் போடுகிறார் என்று நேயர்கள் நம்பியதால் அந்தக் குழுக்களுக்கும் ஒரு செவி கிடைத்தது. நாம் ஒரு பரிந்துரையாளரை அணுகும்போது அந்த நம்பிக்கையில் ஒரு பங்கைக் கேட்கிறோம். அதை அவர் நமக்காகச் செலவழிப்பதற்கு நம் பாடல் அவருடைய நேயர்களுக்குப் பொருந்த வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தப் பொருத்தத்தை உறுதிசெய்வதற்கானவை.

முதல் படி: அனுப்புவதற்கு முன் பாடலை முழுமையாக்குங்கள்

மாஸ்டரிங் என்னும் இறுதி ஒலிச் சீரமைப்பு முடியாத பாடலை, இன்னும் மெருகேற்றுவோம் என்ற குறிப்புடன் யாருக்கும் அனுப்பாதீர்கள். பரிந்துரையாளர் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் கேட்பார். அதுவும் முதல் அரை நிமிடத்திலேயே முடிவெடுத்துவிடக்கூடும். இதனால் பாடலின் முன்னிசையை வெட்டிக் குறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாடல் தன் இயல்புப்படி தொடங்கட்டும். ஆனால் அனுப்பும் கடிதத்தில், பல்லவி எந்த நொடியில் வருகிறது என்று குறிப்பிடுவது கேட்பவருக்கு உதவும்.

கோப்புகளைத் தயார்செய்வதில் பலர் கவனம் செலுத்துவதில்லை. பாடலை ஸ்ட்ரீமிங் தளங்களில் சேர்க்கும் விநியோக நிறுவனத்துக்குத் தரும் வேவ் கோப்புடன், 320 கேபிபிஎஸ் தரத்தில் ஓர் எம்பி3 கோப்பையும் தனியே வைத்திருங்கள். அதற்குள் கலைஞர் பெயர், பாடல் பெயர், வெளியீட்டு ஆண்டு, அட்டைப்படம், தொடர்பு முகவரி ஆகியவற்றைப் பதிந்து, கோப்பின் பெயரிலும் கலைஞர் பெயரையும் பாடல் பெயரையும் எழுதுங்கள். வானொலித் தொகுப்பாளர் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தரவிறக்கி வைத்திருப்பார். ‘ஃபைனல் மிக்ஸ் 3’ என்று பெயரிட்ட கோப்பு யாருடையது என்று அவரால் சொல்ல முடியாது. பாடலில் வசைச்சொற்கள் இருந்தால் அவை நீக்கப்பட்ட வானொலிப் பிரதியையும், காணொளிப் படைப்பாளிகளுக்காகக் குரல் இல்லாத இசைப் பிரதியையும் அதே அமர்வில் ஏற்றுமதி செய்துவிடுங்கள். பிறகு யாராவது கேட்கும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய 12 எழுத்துகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு, பாடலாசிரியர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர் பெயர்கள், உரிமை விவரம், பாடல் வரிகள், நல்ல தரத்தில் இரண்டு மூன்று புகைப்படங்கள், ஐந்தாறு வரிகளில் ஓர் அறிமுகம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தொகுத்து, அதற்கு ஓர் இணைப்பை உருவாக்குங்கள். அறிமுகத்தில் விருதுப் பட்டியலைவிட, உங்கள் இசை எத்தகையது என்பதை வெளியாள் ஒருவருக்குப் புரியவைக்கும் இரண்டு வாக்கியங்களுக்கே மதிப்பு அதிகம்.

இரண்டாம் படி: வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

பாடல் வெளியான பிறகு பரிந்துரையாளர்களைத் தேடத் தொடங்குவது மிகப் பரவலான பழக்கம். அதுவே வாய்ப்புகளை அதிகமாகக் குறைக்கிறது. வெளியீட்டுக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் விநியோக நிறுவனத்திடம் பாடலைக் கொடுத்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் தளத்தில், வெளிவராத பாடலை அதன் ஆசிரியர் குழுவுக்கு முன்வைக்கும் வசதி உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பாடலைத்தான் முன்வைக்க முடியும், விளக்கத்துக்கு 500 எழுத்துகளே இடம். வெளியீட்டுக்கு 7 நாட்களுக்கு முன்பாவது இதைச் செய்துவிட்டால், பிளேலிஸ்டில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உங்களைப் பின்தொடர்பவர்களுக்குப் புதிய வெளியீடுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலில் அந்தப் பாடல் சேரும். பாடல் வெளிவந்துவிட்டால் இந்த வாசல் அடைபட்டுவிடும்.

விமர்சகர்களுக்கும் வானொலித் தொகுப்பாளர்களுக்கும் மூன்று வாரங்களுக்கு முன்னும், காணொளிப் படைப்பாளிகளுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னும் எழுதுவது பொருத்தமாக இருக்கும். அச்சு இதழ்கள் இன்னும் பல வாரங்கள் முன்னதாகவே தம் பக்கங்களை நிரப்பிவிடுகின்றன. முதல் ஒலிபரப்பை ஒருவருக்கு மட்டும் தருவதாக வாக்களித்தால், அந்த வாக்கை இன்னொருவருக்குத் தராதீர்கள். இந்தத் துறையில் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

மூன்றாம் படி: பட்டியலைக் காதால் உருவாக்குங்கள்

ஆயிரக்கணக்கான மின்னஞ்சல் முகவரிகளைக் கொண்ட பட்டியல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்காதீர்கள். அந்த முகவரிகளுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் உங்கள் இசைவகையையே தொடாதவர்களாக இருப்பார்கள்; மொத்தமாக அனுப்பும் கடிதங்கள் உங்கள் முகவரியை ஸ்பேம் வரிசையில் தள்ளும்; பிறகு நீங்கள் எழுத விரும்பும் ஒருவருக்கு எழுதினாலும் அது போய்ச் சேராது. முப்பது நாற்பது பேர் கொண்ட, நீங்களே கேட்டுத் தேர்ந்தெடுத்த பட்டியல் இதைவிடப் பல மடங்கு பயன்தரும்.

தேடலைத் தொடங்க நல்ல இடம், உங்களைப் போன்ற இசையைச் செய்கிற, உங்களைவிட ஒரே ஒரு படி முன்னால் இருக்கிற கலைஞர்கள். உச்சத்தில் இருக்கும் நட்சத்திரங்களை யார் பரிந்துரைக்கிறார்கள் என்று பார்ப்பதில் பயனில்லை. அவர்களை எல்லோரும்தான் பரிந்துரைக்கிறார்கள். சில ஆயிரம் நேயர்களை மட்டும் கொண்ட ஏழெட்டுக் கலைஞர்களைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பாட்டிஃபையில் அவர்கள் பக்கத்தின் கீழ்ப்பகுதியில், நேயர்கள் அவர்களை எந்தப் பிளேலிஸ்டுகள் வழியாகக் கண்டடைந்தார்கள் என்று காட்டப்படும். யூடியூபில் அவர்கள் பெயரைத் தேடினால், அவர்களைப் பற்றிப் பேசிய சேனல்கள் கிடைக்கும். இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் அவர்கள் பாடலின் ஒலிப்பக்கத்தைத் திறந்தால், அதைப் பயன்படுத்திய படைப்பாளிகள் வரிசையாகத் தெரிவார்கள். இப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு பெயரும், முகம் தெரியாத ஒரு கலைஞருக்கு ஏற்கெனவே இடம் கொடுத்தவருடைய பெயர் என்பதுதான் இந்த முறையின் பலம்.

அதன் பிறகு வருவதுதான் உழைப்பு. ஒவ்வொருவருடைய பிளேலிஸ்டையும், நிகழ்ச்சியையும், காணொளியையும் நீங்கள் கேட்க வேண்டும். பாடல்களின் வேகம், மொழி, மனநிலை, ஒலித்தரம் ஆகியவற்றைக் கவனித்து, உங்கள் பாடலை அங்கே வைத்தால் அதற்கு முன்னும் பின்னும் எந்தப் பாடல்கள் நிற்கும் என்று மனத்தில் ஓட்டிப் பாருங்கள். தடையின்றி ஓடினால் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். இடறினால், அவருக்கு எத்தனை லட்சம் பேர் இருந்தாலும் நீக்கிவிடுங்கள். ஒரு விரிதாளில் பெயர், ஊடகம், அனுப்பும் வழி, அவர் அண்மையில் இடம்கொடுத்த ஒரு பாடல், உங்கள் பாடல் ஏன் பொருந்தும் என்ற ஒரு வரி ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். அந்தக் கடைசி வரியை எழுத முடியாத பெயர் பட்டியலில் இருக்கத் தேவையில்லை.

சிலர் தமக்கென்று தனி வாசல் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் வசிக்கும் புதிய கலைஞர்கள், 2007-இல் தொடங்கப்பட்ட பிபிசி இன்ட்ரடியூசிங் திட்டத்தின் பதிவேற்றப் பக்கத்தின் வழியாக நேரடியாகப் பாடலை அனுப்பலாம். இத்தகைய வாசல் இருக்கும்போது, தொகுப்பாளரின் தனிப்பட்ட கணக்குக்குச் செய்தி அனுப்புவது அவருடைய ஏற்பாட்டை மதிக்காத செயலாகிவிடும்.

நான்காம் படி: போலிகளைப் பிரித்தெடுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களுக்கு இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. நிச்சயமாக இத்தனை ஸ்ட்ரீம்கள் வரும் என்று உறுதியளித்துப் பணம் கேட்கும் பிளேலிஸ்டுகளின் பின்னால் பெரும்பாலும் நிற்பவை தானியங்கிக் கணக்குகளே. பணம் வாங்கிக்கொண்டு பிளேலிஸ்டில் இடம் தருவது ஸ்பாட்டிஃபையின் விதிகளுக்கு எதிரானது. செயற்கை ஸ்ட்ரீம்கள் கண்டுபிடிக்கப்பட்டால் அவை கணக்கிலிருந்து நீக்கப்படும். 2024 முதல், அப்பட்டமான முறைகேடு காணப்படும் பாடல்களுக்காக ஸ்பாட்டிஃபை விநியோக நிறுவனங்களிடம் அபராதமும் வாங்குகிறது. அந்த நிறுவனங்களில் பல அதைக் கலைஞர் தலையிலேயே சுமத்துகின்றன. சில வேளைகளில் பாடலையே தளத்திலிருந்து எடுத்துவிடுகின்றன. அத்துடன், இத்தகைய கணக்குகள் வேறு எந்தெந்தப் பாடல்களை ஓட்டுகின்றனவோ அவற்றோடு உங்கள் பாடலையும் தளத்தின் பரிந்துரை இயந்திரம் இணைத்துப் புரிந்துகொள்ளக்கூடும்.

போலியை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமல்ல. பிளேலிஸ்டுக்கு ஐம்பதாயிரம் பேர் பின்தொடர்பவர்கள் இருந்து, அதில் உள்ள சிறிய கலைஞர்களுக்கு மாத நேயர்கள் ஒருசில நூறு பேர் மட்டும் இருந்தால், அங்கே உண்மையில் யாரும் கேட்பதில்லை. ஒரே பட்டியலில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இசைவகைகள் கலந்திருப்பதும், தொகுப்பவருக்கு வேறெங்கும் ஒரு முகமோ பெயரோ இல்லாமலிருப்பதும் எச்சரிக்கைகள். சார்ட்மெட்ரிக் போன்ற கருவிகளில் பின்தொடர்பவர்களின் வளர்ச்சிக் கோட்டைப் பார்க்கலாம். ஒரே இரவில் செங்குத்தாக ஏறி, பிறகு அசையாமல் கிடக்கும் கோடு இயற்கையானதாக இருப்பது அரிது. காணொளிப் படைப்பாளிகளைப் பொறுத்தவரை, பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பின்னூட்டங்களைப் படியுங்கள். வெறும் இதயக் குறிகள் வரிசையாக நின்றால் ஒரு பொருள். பாடலின் ஒரு வரியைப் பற்றி நேயர்கள் விவாதித்துக்கொண்டிருந்தால் அதற்கு முற்றிலும் வேறு பொருள்.

ஐந்தாம் படி: ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் கடிதம் எழுதுங்கள்

நல்ல கடிதம் ஒரு கைப்பேசித் திரையில் அடங்கிவிடும். இசைவகை, கலைஞர் பெயர், பாடல் பெயர், வெளியீட்டு நாள் ஆகியவை தலைப்பு வரியிலேயே இருக்கட்டும். ஒலிக்கோப்பை மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பாதீர்கள். உள்நுழைவுக் கணக்கு கேட்காமல் உடனே ஒலிக்கும் தனிப்பட்ட இணைப்பு ஒன்றையும், தரவிறக்க இணைப்பு ஒன்றையும் கொடுங்கள். காலாவதியாகும் இணைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள்; அவர் உங்கள் கடிதத்தை மூன்று வாரம் கழித்தும் திறக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு:

“வணக்கம். சென்ற வார நிகழ்ச்சியில், தாள வாத்தியமே இல்லாமல் குரலையும் வீணையையும் மட்டும் கொண்ட ஒரு பாடலோடு நிறைவு செய்தீர்கள். அதற்கு முன் நீங்கள் விட்ட மௌனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதே அமைதியில் நான் ஒரு பாடல் செய்திருக்கிறேன். மூன்று நிமிடம் நாற்பது நொடி. குரலும் இரண்டு கிட்டார்களும் மட்டுமே. பல்லவி 0:48-இல் வருகிறது. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் ஒரு செவிலியின் குரலாக எழுதப்பட்டது. அடுத்த மாதம் 14-ஆம் தேதி வெளியாகிறது. உங்கள் நிகழ்ச்சியின் இறுதிப் பகுதிக்கு ஏற்றதாக இருக்கும் என்று நினைத்து அனுப்புகிறேன். கேட்பதற்கும் தரவிறக்குவதற்கும் இணைப்புகள் கீழே உள்ளன. நேரம் ஒதுக்கிக் கேட்டால் மகிழ்வேன். நன்றி.”

இந்தக் கடிதம் அவருடைய நிகழ்ச்சியை உண்மையில் கேட்டவர் மட்டுமே எழுதக்கூடியது. எந்த இடத்தில் பாடலை வைக்கலாம் என்று அவருடைய வேலையில் ஒரு பகுதியையும் அது செய்து கொடுத்துவிடுகிறது. உலகையே புரட்டிப்போடும் இசை, இதுவரை யாரும் கேட்டிராத ஒலி என்பன போன்ற சொற்களுக்கு இதில் இடமில்லை. கேட்காத நிகழ்ச்சியைக் கேட்டதாக எழுதுவது புகழ்ச்சியைவிடவும் தீங்கானது. ஒரே ஒரு தவறான விவரம் கடிதத்தின் மற்ற எல்லா வரிகளையும் பொய்யாக்கிவிடும்.

பதில் வராவிட்டால், ஏழெட்டு நாட்கள் கழித்து இரண்டு வரியில் ஒரே ஒரு நினைவூட்டல் போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் அமைதியாக விட்டுவிட்டு, அடுத்த பாடல் வரும்போது மீண்டும் எழுதுங்கள். மறுத்து எழுதியவருக்கு நன்றி சொல்லுங்கள், வாதாடாதீர்கள்; காரணம் சொல்லி மறுக்கும் ஒருவர், உங்கள் பாடலைக் கடைசிவரை கேட்டவராகவும் இருக்கலாம்.

ஆறாம் படி: பணம் எங்கே சரி, எங்கே தவறு

2015-இல் தொடங்கிய சப்மிட்ஹப், அதன்பின் வந்த குரூவர் போன்ற தளங்களில், கட்டணம் செலுத்திப் பாடலைப் பரிந்துரையாளர்களுக்கு அனுப்பலாம். இங்கே கட்டணம், பாடலைக் கேட்டுப் பதில் சொல்வதற்கானது; இடம் தருவதற்கானதல்ல. குரூவரில் 7 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அந்தக் கட்டணம் மீண்டும் உங்கள் கணக்கில் சேரும். இந்தத் தளங்களில் மறுப்புகளே அதிகம் வரும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, மூன்றாம் படியில் சொன்னபடி ஒவ்வொருவரையும் கேட்டுத் தேர்ந்தெடுத்து, முதலில் பத்துப் பேருக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள். பத்துப் பேரும் ஒரே குறையைச் சொன்னால், பதினோராமவருக்கு அனுப்புவதற்கு முன் அந்தக் குறையை உட்கார்ந்து கேட்பது நல்லது.

காணொளிப் படைப்பாளிகளுக்குக் கட்டணம் கொடுத்துப் பாடலைப் பயன்படுத்தச் சொல்வது நேர்மையான விளம்பரமே, அது விளம்பரம் என்று நேயர்களுக்குத் தெரிவிக்கப்படும் வரை. வானொலியில் பணம் வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் பாடலை ஒலிபரப்புவதை அமெரிக்கா 1960-இலேயே சட்டத்தால் குற்றமாக்கியது. சமூக ஊடகங்களிலும் கட்டணத் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்ற விதி இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. வெளிப்படுத்த மறுக்கும் படைப்பாளியோடு உடன்பாடு செய்யாதீர்கள். தொகை, வெளியாகும் நாள், எந்தத் தளம், எத்தனை காலம் நீக்காமல் இருக்கும், அந்தக் காணொளியை உங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை உண்டா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பெரிய கணக்கு ஒன்றுக்குக் கொடுக்கும் தொகையை, பொருத்தமான ஐந்தாறு சிறிய கணக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பதே என் தேர்வாக இருக்கும். ஒன்று பலிக்காவிட்டாலும் மற்றவை நிற்கும், யாருடைய நேயர்கள் உங்கள் இசையோடு ஒட்டுகிறார்கள் என்பதும் தெரியவரும்.

ஏழாம் படி: காணொளிப் படைப்பாளிகளின் வழியிலுள்ள தடைகளை நீக்குங்கள்

உங்கள் பாடலைக் காணொளியில் பயன்படுத்திய படைப்பாளிக்கு யூடியூபிலிருந்து பதிப்புரிமைக் கோரிக்கை வந்து, அவருடைய வருமானம் உங்கள் கணக்குக்குத் திருப்பிவிடப்பட்டால், அவர் மறுமுறை உங்கள் பக்கம் வரமாட்டார். காணொளிகளில் உள்ள பாடல்களைத் தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பில், விநியோக நிறுவனத்தின் வழியாகப் பாடலைப் பதிவுசெய்திருந்தால் இது தானாகவே நடக்கும். ஆகையால், அவர் காணொளியை வெளியிடுவதற்கு முன்பே அவருடைய சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். பலருக்கும் உரிமம் தரப்பட்ட பீட்டையோ (ஆயத்த இசைத்தடம்) பொது மாதிரி ஒலிகளையோ பயன்படுத்தியிருந்தால், கன்டென்ட் ஐடியில் பதிவுசெய்யவே உங்களுக்கு உரிமை இருக்காது என்பதையும் கவனியுங்கள்.

குறுங்காணொளித் தளங்களின் ஒலி நூலகத்தில் பாடல் சேர்ந்துவிட்டதா, எந்தப் பகுதி அங்கே தொடங்குகிறது என்று நேரில் தேடிச் சரிபாருங்கள். பல விநியோக நிறுவனங்கள் அந்தத் தொடக்க நொடியைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தருகின்றன. டிக்டாக்கில் வணிகக் கணக்கு வைத்திருப்பவர்கள் வணிக நூலகத்தில் உள்ள இசையை மட்டுமே பயன்படுத்த முடியும். நீங்கள் அணுகும் படைப்பாளியின் கணக்கு எவ்வகை என்று முதலிலேயே கேட்டறியுங்கள். காணொளி எப்படி அமைய வேண்டும் என்று காட்சிக்குக் காட்சி எழுதிக் கொடுக்காதீர்கள். அவருடைய நேயர்கள் வருவது அவருடைய நடைக்காக. பாடலின் பொருளையும், தவிர்க்க வேண்டியது ஏதேனும் இருந்தால் அதையும் மட்டும் சொல்லிவிட்டு மீதியை அவரிடம் விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: வெளியீட்டு வாரமும் அதற்குப் பிறகும்

இடம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அன்றே நன்றி எழுதி, அவருடைய நிகழ்ச்சியையோ காணொளியையோ உங்கள் பக்கங்களில் பகிருங்கள். பின்னூட்டங்களில் வரும் நேயர்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். அங்கே வருபவர்கள் பரிந்துரையாளரின் விருந்தினர்கள், அவர்களிடம் காட்டும் அக்கறையை அவரும் கவனிப்பார்.

ஒவ்வொரு பரிந்துரையாளருக்கும் தனித்தனி ஸ்மார்ட் லிங்க் (எல்லாத் தளங்களுக்கும் வழிகாட்டி, வருகையையும் கணக்கிடும் இணைப்பு) கொடுத்திருந்தால், யார் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பிரித்தறியலாம். ஸ்ட்ரீம் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். ஸ்பாட்டிஃபையில் முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீம்களை எட்டாத பாடலுக்கு 2024 முதல் உரிமத்தொகை கணக்கிடப்படுவதில்லை என்பதால் அந்த எண்ணுக்கும் ஒரு முக்கியத்துவம் உண்டு. ஆனால் கேட்டவர்களில் எத்தனை பேர் பாடலைச் சேமித்தார்கள், எத்தனை பேர் உங்களைப் பின்தொடர்ந்தார்கள், எத்தனை பேர் அடுத்த வாரமும் திரும்பி வந்தார்கள் என்பவைதான் பொருத்தத்தைக் காட்டும் எண்கள். ஒரு பெரிய பிளேலிஸ்ட் ஐயாயிரம் ஸ்ட்ரீம்களைத் தந்து பத்துப் பேரைக்கூட நிறுத்திவைக்காமலும், ஒரு சிறிய பாட்காஸ்ட் இருநூறு பேரை அனுப்பி அவர்களில் நாற்பது பேரை உங்களோடு இருத்திவிட்டும் போகலாம். இரண்டாமவரைத்தான் அடுத்த முறை முதலில் அணுக வேண்டும்.

வெளியீட்டுக்கு நான்கு வாரம் கழித்து விரிதாளைத் திறந்து, யார் பதில் எழுதினார்கள், என்ன சொன்னார்கள், என்ன விளைந்தது என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நிரப்புங்கள். நினைவூட்டியும் அசையாத பெயர்களை ஒருபுறம் ஒதுக்குங்கள். மறுத்தாலும் அக்கறையோடு எழுதியவர்களை மேலே கொண்டுவாருங்கள். அடுத்த பாடல் மாஸ்டரிங்குக்குப் போகும் வரையிலும் அவர்களுடைய நிகழ்ச்சிகளைக் கேட்டுக்கொண்டிருங்கள். அவர்கள் பரிந்துரைக்கும் மற்றக் கலைஞர்களைப் பற்றி, உங்கள் பாடலைக் குறிப்பிடாமல், உண்மையாகத் தோன்றுவதை அவ்வப்போது எழுதுங்கள். அடுத்த கடிதத்தை, சென்ற முறை அவர் சொன்ன கருத்தை இந்தப் பாடலில் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று சொல்லித் தொடங்கலாம்.